மகளிர் மருத்துவமும் கஞ்சாவும்: நூற்சான்றின் எல்லை

1. முன்னுரை

நஞ்சும் முறையறிந்து வழங்கின் மருந்தாம். மருந்தும் முறை தவறின் நஞ்சாம். இது நம் நாட்டு மருத்துவ மரபுகள் அனைத்திற்கும் உடன்பாடான கொள்கை. எட்டி, நாபி, சேங்கொட்டை முதலியன நஞ்செனப் பெயர்பெற்றும் மருந்து நூல்களில் இடம்பெற்றமைக்கு இக்கொள்கையே காரணம். அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க பூண்டு கஞ்சா.

அண்மைக் காலத்தில் இப்பூண்டைப் பற்றிய பேச்சு புதியதொரு திசையிற் செல்கின்றது. மாதவிடாய் வலி, உறக்கமின்மை, சூல்கொண்ட மகளிர்க்கு வரும் குமட்டல், மாதவிடாய் நிற்கும் பருவத்து உடல் வெம்மை ஆகியவற்றைச் சுட்டி, மகளிர் இவற்றுக்குக் கஞ்சாவை அச்சமின்றிக் கையாளலாம் என மேலைநாடுகளில் பலர் எழுதியும் விற்றும் வருகின்றனர். கூற்றுக்கு வலிமை தேடும்பொழுது அவர்கள் இந்திய மருத்துவ நூல்களைத் துணைக்கு அழைக்கின்றனர். 'பல்லாயிரம் ஆண்டுகளாக இந்தியர் உண்ட மருந்து. ஆதலின் தீங்கற்றது' என்பது அவர்தம் வாதத்தின் சுருக்கம். நம் நாட்டிலும் 'சித்தர் கூறிய மூலி' என்னும் சொற்றொடர் இதே வேலையைச் செய்கின்றது.

இவ்வாதத்தை மருத்துவர் மட்டும் ஆராய்தல் போதாது. சான்றாகக் காட்டப்படுவது நூல். நூலின் காலம் எது, சொல்லின் பொருள் யாது, பாடம் திருந்தியதா, கூற்று எத்துணைப் பொருளைத் தாங்கும் என்பன நூலாராய்ச்சியாளர் விடையிறுக்க வேண்டிய வினாக்கள். மருத்துவ ஏடுகளைப் பதிப்பிக்கும் தமிழ் மாணவர்க்கு இவற்றின் இன்றியமையாமை பெரிது. ஓர் இலக்கியப் பாட்டில் நேரும் பாடப்பிழை பொருளைக் கெடுக்கும்; மருந்துப் பாட்டில் நேரும் பாடப்பிழை உயிரையும் கெடுக்கக்கூடும். எனவே, நூல்கள் எதனைக் கூறுகின்றன, அக்கூற்றை எவ்வளவு பொருள்பட எடுத்துக்கொள்ளலாம், இன்றைய அறிவு அதனை எவ்வாறு நிறுக்கின்றது என்னும் மூன்றும் ஈண்டு முறையே ஆராயப்பெறும்.

2. பெயரும் பொருளும்

கஞ்சா என்னும் சொல் வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்தது. வடமொழியில் பங்கா, விசயா என்னும் பெயர்களும் உள. தமிழ் மருத்துவ வழக்கில் கோரக்கர் மூலி, சிவமூலி என்னும் பெயர்களைக் காண்கிறோம். சங்க நூல்களில் கள், தேறல், நறவு, தோப்பி எனக் குடிவகை பல பேசப்படினும், கஞ்சா என்னும் பெயரை அங்குக் காணோம். வேற்றுமொழிச் சொல்லாக வந்தமையும், சித்தர் பெயரோடும் தெய்வப் பெயரோடும் இணைந்த பெயர்களே தமிழில் மிக்கிருத்தலும், இப்பூண்டு நம் மருத்துவத்துட் புகுந்த காலம் பிற்பட்டது என்று கருத இடந்தருகின்றன.

இங்கு ஒரு சொன்மயக்கத்தை நீக்கிக்கொள்ளுதல் வேண்டும். நார் தரும் செடிகள் பலவற்றையும் சணல் என்று பொதுப்பெயரால் வழங்குவது தமிழ் வழக்கு. வயலிற் பசுந்தாள் உரமாக விதைக்கப்படும் சணப்பு வேறு, கோணிப்பைக்கு உதவும் சணல் வேறு, புளிச்சை வேறு, கஞ்சா வேறு. இவை ஒரு குடும்பத்தனவும் அல்ல. புளிச்சைக்குரிய தாவர நூற்பெயரில் 'கஞ்சாவை ஒத்தது' என்னும் பொருளுடைய சொல் அமைந்திருத்தலும், நார்ச்செடிகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பொதுப்பெயரும் இம்மயக்கத்தை மிகுவித்தன. பழைய நூலில் சணம் என்று வரும் இடமெல்லாம் கஞ்சா என்று கொள்வோர் இதனை நினைதல் வேண்டும்.

ஸ்வீடன் நாட்டுத் தாவர நூலறிஞர் லின்னேயஸ் 1753-இல் இப்பூண்டுக்குக் கன்னபிஸ் சட்டைவா எனப் பெயரிட்டார். இந்தியாவில் வளரும் வகையைப் பிரெஞ்சு அறிஞர் லமார்க் 1785-இல் கன்னபிஸ் இண்டிகா எனப் பிரித்தார். ஆண், பெண் என இருவேறு செடிகளாக வளர்வது இதன் இயல்பு. பெண்செடியின் பூந்தலைகளே கஞ்சா எனப்படுவன. இலை பங்கு எனவும், பிரித்தெடுத்த பிசின் சரசு எனவும் வழங்கும். இம்மூன்றின் வன்மையும் ஒன்றன்று. இலையிற் குறைவு, பூந்தலையில் மிகுதி, பிசினில் அதனினும் மிகுதி. ஆதலின், ஒரு நூல் கஞ்சா என்று கூறுமிடத்து எந்த உறுப்பைக் கருதிற்று என்று அறியாமல் அதன் கூற்றை எடைபோடுதல் இயலாது.

3. மருத்துவ நூல்களின் காலம்

'பல்லாயிரம் ஆண்டு' என்னும் கூற்றை முதற்கண் நோக்குவோம். அதர்வ வேதத்தில் பங்கா என்னும் சொல் வருகின்றது. ஆயின் அச்சொல் அங்கு இப்பூண்டையே குறித்ததோ, குறித்தாலும் மருந்தாகக் குறித்ததோ என்பது ஐயத்திற்கு இடமானது. மருந்தென ஐயமின்றிக் கொள்ளத்தக்க குறிப்பு, பதினோராம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் வங்கசேனரின் சிகிச்சாசார சங்கிரகத்திற் கிடைக்கின்றது என்பது ஆயுர்வேத நூல்வரலாற்றை ஆராய்ந்தோர் முடிபு. அங்கும் அது பசியையும் செரிமானத்தையும் தூண்டும் பொருளாகவே வருகின்றது. அதன் பின்னெழுந்த ஆனந்தகந்தம் என்னும் இரசவாத நூல் இப்பூண்டின் பயிர்முறையையும், மருந்துச் செயலையும், அதனால் வரும் மயக்கத்தின் படிகளையும் விரிவாகப் பேசுகின்றது.

1300-ஐ ஒட்டி எழுந்ததாகக் கருதப்படும் சாரங்கதர சங்கிதையின் கூற்று சிறப்பாக நோக்கத்தக்கது. செரிப்பதற்கு முன்னரே உடல் முழுதும் பரவிப் பின்னர்ச் செரிக்கும் பொருள்களுக்கு எடுத்துக்காட்டாக அந்நூல் கஞ்சாவையும் அபினியையும் ஒருங்கே வைக்கின்றது. அபினியோடு ஒருங்கு வைத்ததனால், அதனைக் கீரைபோல் எளிதாக உண்ணும் பொருளாக அவ்வாசிரியர் கருதவில்லை என்பது பெறப்படும்.

தமிழ் மருத்துவ நூல்களின் காலம் பற்றிக் கூறுவதற்கு மேலும் எச்சரிக்கை வேண்டும். அகத்தியர், போகர், தேரையர், கோரக்கர் பெயரால் வழங்கும் நூல்கள் பலவும் அப்பெயர்களின் பழைமையைத் தாம் உடையன அல்ல. புகையிலையும் பரங்கிச்சக்கையும் பரங்கிப்புண்ணும் பேசப்படும் பாடல்கள் போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பிற்பட்டனவாகவே இருத்தல் கூடும். இதனால் அந்நூல்களின் மதிப்புக் குறைந்துவிடாது; அவற்றை வழங்கிய மருத்துவர் தம் காலத்து நோய்களைக் கண்ணாரக் கண்டு மருந்து தேடினர் என்பதே இதனாற் புலனாகும். எனினும், 'பல்லாயிரம் ஆண்டுப் பட்டறிவு' என்னும் அளவைக்கு இவை சான்றாகா.

சித்த மருத்துவத்தின் பொருட்பண்பு நூல்கள் கஞ்சாவுக்குக் கூறும் செய்கைகளுள் இசிவகற்றி, துயரடக்கி, உறக்கமுண்டாக்கி, பசித்தீத்தூண்டி என்பன இக்கட்டுரைக்கு உரியன. இசிவு என்பது தசை தானாக இறுகிச் சுருங்குதல். மாதவிடாய் வலியும் கருப்பையின் இசிவாற் பெரும்பாலும் வருவதாதலின், மகளிர் நோய்க்கு இம்மூலியைக் கருதியதன் அடிப்படை இச்செய்கையே ஆகலாம். இதற்கு மறுதலையாக, மயக்கமுண்டாக்கி என்னும் செய்கையும் அவ்வரிசையிலேயே கூறப்படுகின்றது. நூலை மேற்கோள் காட்டுவோர் முன்னவற்றை எடுத்துக்கொண்டு பின்னதை விட்டுவிடுதல் முறையன்று.

4. மகளிர்க்கு வழங்கியமைக்குச் சான்றுகள்

மகளிர் நோய்க்குக் கஞ்சாவை வழங்கியமைக்குப் பிறநாட்டுச் சான்றுகளும் காட்டப்படுகின்றன. எகிப்து நாட்டு ஈபர்ஸ் பாப்பிரஸ் ஏறத்தாழக் கி.மு. 1550-ஐச் சேர்ந்தது. அதில் மகளிர்க்குரிய மருந்தொன்றில் தேனோடு சேர்க்கப்படும் செடிப்பெயரைச் சிலர் கஞ்சா எனக் கொள்வர். பெயரின் பொருள் உறுதிப்படாதவரை இச்சான்றும் உறுதிப்படாது.

இதனினும் வலிமை வாய்ந்தது அகழ்வாய்வுச் சான்று. எருசலேம் நகருக்கு அருகில் உள்ள பேத் செமேசில், கி.பி. நான்காம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றில் ஏறத்தாழ 14 வயதுப் பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. அவள் இடுப்பெலும்பிடையே நிறைமாத மகவின் எலும்புகள் இருந்தன. உடன் கிடைத்த எரிந்த பொருளில் கஞ்சாவுக்குரிய வேதிப்பொருளின் சுவடு இருந்ததை 1993-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். மகப்பேற்று வலியைத் தணிக்க இப்புகை ஊட்டப்பட்டது என்பது அவர்தம் கருத்து. மகளிர்க்கு இதனை வழங்கினர் என்பதற்கு இஃது அரிய சான்று. அதனால் அவள் பிழைத்தாள் என்பதற்கு இது சான்றன்று. அச்சிறுமி மகப்பேற்றிலேயே இறந்தாள். ஒரு சான்று எதனை மெய்ப்பிக்கும், எதனை மெய்ப்பிக்காது என்னும் வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது.

இந்தியாவிலிருந்து இம்மருந்து ஐரோப்பிய மருத்துவத்துட் புகுந்த வரலாறு தெளிவானது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றிய ஓஷாகனெசி என்பார் 1839-இல் தம் ஆய்வை வெளியிட்டார். வாதம், வாந்திபேதி, இசிவுசன்னி ஆகியவற்றோடு, பிறந்து 40 நாளான மகவுக்கு வந்த வலிப்பிலும் அவர் இதனைக் கையாண்டார். அதன்பின் 1883-இல் பிரிட்டன் மருத்துவ இதழில் பெரும்பாட்டுக்கு இது பயன்பட்டதாக மருத்துவர் எழுதினர். 1890-இல் லான்செட் இதழில் ரசல் ரெனால்ட்ஸ் என்னும் மருத்துவர் முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட தம் பட்டறிவைத் தொகுத்தபொழுது, இசிவால் வரும் மாதவிடாய் வலிக்கு இது பயன்படும் என்றார்.

ரெனால்ட்ஸ் கட்டுரையைக் காட்டுவோர் அவர் இட்ட நிபந்தனையைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. மருந்தின் வன்மை சரக்குக்குச் சரக்கு வேறுபடுவதும், ஆளுக்கு ஆள் அதன் செயல் வேறுபடுவதும் அவர் வலியுறுத்திய செய்திகள். மிகக் குறைந்த அளவில் தொடங்கி, போதிய இடைவெளி விட்டு, சில நாளுக்கொரு முறை ஒரு துளியே மிகுவித்தல் வேண்டும் என்பது அவர் விதி. தீங்கு நேராமைக்குக் காரணமாக அவர் கூறுவது இவ்விதியையே.

இவரைப் பற்றி எழுந்த கட்டுக்கதை ஒன்றும் உண்டு. விக்டோரியா அரசி தம் மாதவிடாய் வலிக்கு இம்மருந்தை உண்டார் என்றும், கொடுத்தவர் ரெனால்ட்ஸ் என்றும் பல நூல்களும் விளம்பரங்களும் கூறுகின்றன. அரசி பிறந்தது 1819. ரெனால்ட்ஸ் அரண்மனை மருத்துவருள் ஒருவராக அமர்த்தப்பட்டது 1878. அப்பொழுது அரசிக்கு அகவை 59. மாதவிடாய் நின்று நெடுங்காலமாகிய ஒருவர்க்கு அவ்வலிக்கு மருந்து கொடுத்தார் என்பது காலக்கணக்குக்கு ஒவ்வாது. அரசி இதனை உண்டார் என்பதற்கு ஆவணமும் காட்டப்படவில்லை. மருத்துவர் ஒருவர் எழுதியதையும் அவர் வகித்த பதவியையும் இணைத்து எவரோ செய்த ஊகம், எடுத்தாண்டோர் கையில் வரலாறாகிவிட்டது. நம் சித்தர் பெயரால் வழங்கும் செய்திகளுள்ளும் இவ்வாறு விளைந்தவை உளவா என்று தேர்தல் நம் கடன்.

5. நூல்கள் இடும் நிபந்தனைகள்

பழைய மருத்துவ நூல்கள் ஒரு பொருளை மருந்தென்று கூறுமிடத்துச் சுத்தி, அளவு, அனுபானம், பத்தியம் என்னும் நான்கையும் உடன் கூறும். இவற்றுள் ஒன்று குறையினும் அது நூல் கூறிய மருந்தாகாது. கஞ்சாவுக்குரிய சுத்தி, இலையை நீரிற் பலகாற் கழுவி உலர்த்தி நெய்யில் வறுத்தல் என்பது.

இச்சுத்தியைக் காட்டி, 'சுத்தி செய்தபின் தீங்கில்லை' என்பாரும் உளர். இதனை வேதியியல் கொண்டு நோக்குதல் வேண்டும். கஞ்சாவின் மயக்கப்பொருள் நீரிற் கரையாது, நெய்யிற் கரையும். பச்சைச் செடியில் அது மயக்கந்தராத அமில வடிவில் மிகுந்திருக்கும். சூடேற்றும்பொழுதே மயக்கந்தரும் வடிவமாக மாறும். எனவே நீராற் கழுவுதல் அழுக்கையும் நீரிற் கரையும் பிறபொருள்களையும் நீக்குமேயன்றி மயக்கத்தை நீக்காது. நெய்யில் வறுத்தலோ மயக்கப்பொருளை மாற்றி நெய்யிற் கலக்கச் செய்து, அதனை உடல் ஏற்பதற்குத் துணையாகும். ஆகவே, சுத்தி என்பதனை ஈண்டு 'நஞ்சு நீக்கம்' என்று உரை கூறுதல் பொருந்தாது. 'மருந்தாகப் பக்குவஞ்செய்தல்' என்று கூறுதலே தகும். ஒரு கலைச்சொல்லுக்கு நாம் எழுதும் உரை மக்கள் உடல்நலத்தைத் தொடும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

உண்ணும் மருந்துக்குரிய இடர் ஒன்றும் இங்குச் சுட்டத்தக்கது. புகையாக உட்கொண்டது சில நிமிடங்களிற் செயற்படும். இலேகியமாகவோ உணவாகவோ உண்டது அரை மணி முதல் இரண்டு மணி நேரம் கழித்தே செயற்படத் தொடங்கிப் பல மணி நேரம் நீடிக்கும். முதல் அளவு பயன்தரவில்லை எனக் கருதி மீண்டும் உண்பார்க்கு இரண்டும் ஒருங்கே செயற்பட்டு நடுக்கமும் அச்சமும் மயக்கமும் வரும். பழைய மருத்துவர் மருந்தைத் தம் கையால் அளந்து கொடுத்து நோயாளியை உடனிருந்து நோக்கியதன் அருமை இதனால் விளங்கும். கடையில் வாங்கித் தானே உண்ணும் வழக்கத்தில் அக்காவல் இல்லை.

6. ஏடும் அளவும்

அளவு பற்றிய செய்தி நூலாராய்ச்சிக்கு நேராக உரியது. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடில்லை. ரகரமும் காலும் ஒரு வடிவின. ககர எழுத்தும் ஒன்று என்னும் எண்ணும் ஒத்த வடிவின. அகரமும் எட்டு என்னும் எண்ணும் அத்தகையனவே. மருந்துப் பாட்டில் சொல்லும் எண்ணும் அடுத்தடுத்து வருதலின், ஏடு எழுதுவோன் கண் தவறினும், படிப்போன் கருத்துத் தவறினும் அளவு மாறிவிடும்.

அளவைப் பெயர்களும் இத்தகையனவே. இன்றைய சித்த மருந்துச் செய்முறையில் குன்றிமணி 130 மில்லிகிராம், பணவெடை 488 மில்லிகிராம், வராகனெடை 4.2 கிராம், கழஞ்சு 5.1 கிராம், பலம் 35 கிராம் எனச் சமன் கொள்வர். பணவெடை என்று இருக்கவேண்டிய இடத்தில் வராகனெடை எனப் பாடங்கொண்டால் மருந்து ஏறத்தாழ எட்டரை மடங்காகும். இச்சமன்கள் நடைமுறைக்காக வகுக்கப்பட்டவை. பாடல் எழுந்த ஊரிலும் காலத்திலும் அவ்வளவைகள் இதே எடையின என்பதற்கு உறுதியில்லை.

அளவு திருத்தமாகக் கிடைத்தாலும் சரக்கு மாறிவிட்டது. அமெரிக்காவிற் கைப்பற்றப்பட்ட கஞ்சாவை ஆண்டுதோறும் ஆய்ந்தோர், அதன் மயக்கப்பொருள் 1995-இல் ஏறத்தாழ நூற்றுக்கு 4 ஆக இருந்து 2014-இல் ஏறத்தாழ நூற்றுக்கு 12 ஆக உயர்ந்தது எனக் கண்டனர். தேர்ந்து பயிரிடப்பட்ட புதிய வகைகளே இதற்குக் காரணம். பாட்டில் உள்ள எடை பழையது. தராசில் வைக்கும் பூண்டு புதியது. ஆதலின், கஞ்சா பற்றிய பாடலைப் பதிப்பிப்போர் பாடவேறுபாட்டை முழுமையாகக் காட்டுதலும், அளவைக்கு இன்றைய சமன் தருமிடத்து அது கொள்ளளவாகாது என்று குறித்தலும் கடமையாம்.

7. இன்றைய மருத்துவ அறிவு

இப்பூண்டின் வேதியியல் தெளிவானது அண்மையிலேதான். இசுரேல் நாட்டு அறிஞர் கயோனியும் மெக்கூலமும் 1964-இல் மயக்கப்பொருளாகிய டெட்ராஹைடிரோகன்னாபினாலைப் பிரித்து அமைப்பைக் கண்டனர். மயக்கந்தராத கன்னாபிடயால் என்னும் மற்றொரு பொருளும் உண்டு. மனித உடலிலேயே இவற்றை ஏற்கும் ஏற்பிகள் உள்ளன என்பதும், உடல் தானே அத்தகைய பொருளைச் சுரக்கின்றது என்பதும் பின்னர் அறியப்பட்டன. 1992-இற் கண்ட அவ்வுடற்பொருளுக்கு ஆனந்தம் என்னும் வடசொல்லை முதலாகக் கொண்டு ஆனந்தமைடு எனப் பெயரிட்டனர். ஏற்பிகள் மூளையில் மட்டுமன்றிக் கருப்பையிலும் நச்சுக்கொடியிலும் உள்ளன. கரு கருப்பையில் ஊன்றுதற்கும் இவ்வமைப்பு துணைசெய்கின்றது. மகளிர் உடலில் இப்பூண்டு பயனும் தீங்கும் ஒருங்கே விளைத்தற்குரிய காரணம் இதனாற் புலனாம்.

பயனை முதலிற் கூறுவோம். அமெரிக்க நாட்டுத் தேசிய அறிவியற் பேரவைகள் 2017-இல் வெளியிட்ட பேரறிக்கை, முதிர்ந்தோர்க்கு வரும் நாட்பட்ட வலி, புற்றுநோய் மருந்தால் வரும் வாந்தி, நரம்புறை சிதைவு நோயில் வரும் தசை இறுக்கம் ஆகியவற்றில் கஞ்சாப் பொருள்களுக்குப் பயனுண்டு என ஏற்றது. 2018-இல் தூய்மைப்படுத்திய கன்னாபிடயால், குழந்தைகளுக்கு வரும் கொடிய வலிப்பு வகைகள் இரண்டுக்கு அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. கல்கத்தாவில் 1839-இற் கூறப்பட்ட வலிப்புச் செய்தியை இது நினைவூட்டுகின்றது. எனினும் ஒப்புதல் பெற்றது முழுப்பூண்டன்று. ஒற்றைப் பொருள், அளந்த அளவு, ஈரலை அவ்வப்பொழுது சோதிக்கும் காவல் ஆகிய மூன்றோடும் கூடிய மருந்து.

மாதவிடாய் வலிக்கும் கருப்பை உட்படலம் புறத்தே வளரும் நோய்க்கும் இதனாற் பயன் கண்டோம் என மகளிர் பலர் கூறுகின்றனர். அவர்தம் வலியும் சொல்லும் பொய்யல்ல. ஆயின், மருந்து பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிட்டுக் கண்ட ஆய்வு மிகக் குறைவு. மகளிர்நோய் வலிக்கு இதனைக் கொள்க என்றோ தள்ளுக என்றோ கூறுதற்குப் போதிய சான்றில்லை என்று அமெரிக்க மகப்பேறு, மகளிர்நோய் மருத்துவர் கல்லூரி 2024-இல் உரைத்தது.

சூலுற்ற மகளிர் பற்றிய செய்தி வேறு. இங்குச் சான்று தீங்கின் பக்கமே சாய்கின்றது. மயக்கப்பொருள் நச்சுக்கொடியைக் கடந்து கருவை அடையும். கனடா நாட்டு ஒண்டாரியோ மாநிலத்தில் 6,61,617 பெண்களின் மகப்பேற்றை ஆய்ந்து 2019-இல் வெளியிட்ட கட்டுரையில், கஞ்சா கொண்டதாகக் கூறியோருள் குறைமாதப் பிறப்பு நூற்றுக்கு 12; கூறாதோருள் 6.1. புகையிலை முதலிய பிற காரணங்களைச் சமன்செய்து ஒப்பிட்ட பின்னரும் அது 10.2, 7.2 என வேறுபட்டே நின்றது. மகவின் எடை குறைதலோடு இதற்குள்ள தொடர்பை மேற்கூறிய 2017 பேரறிக்கையும் ஏற்றது. தாய்ப்பாலிலும் இது கலக்கும். கடைசியாகக் கொண்ட பின்னர் ஏறத்தாழ 6 நாள்வரை பாலிற் கண்டதாக 2018-இல் ஓர் ஆய்வு காட்டிற்று. சூல்கொள்ளக் கருதுவோரும், சூலுற்றோரும், பாலூட்டுவோரும் இதனைத் தவிர்த்தல் வேண்டும் என்பது மருத்துவர் கல்லூரியின் 2017-ஆம் ஆண்டு அறிவுரை.

மசக்கை வாந்திக்கு இது நல்லது என்னும் கூற்று குறிப்பாக ஆராயத்தக்கது. சூலின் முதல் மாதங்களில்தான் கருவின் உறுப்புகள் அமைகின்றன. மசக்கை வருவதும் அம்மாதங்களிலேதான். மேலும், நெடுநாள் கஞ்சா கொள்வோர்க்கு அடங்காத வாந்தி வரும் நோயொன்று 2004-இல் ஆஸ்திரேலிய மருத்துவரால் விளக்கப்பட்டது. வாந்தியை நிறுத்தும் எனக் கொண்ட பொருளே வாந்திக்குக் காரணமாதலும் உண்டு என்பது இதனால் அறியப்படும்.

சூலில்லாத மகளிர்க்கும் சில வரையறைகள் உள. மூளை வளர்ச்சி நிறைவுறாத இளம்பருவத்தும், குடும்பத்தில் மனநோய் உள்ளவிடத்தும் இடர் மிகும். குருதி உறைவைத் தடுக்கும் மருந்து, வலிப்பு மருந்து முதலியவற்றோடு கன்னாபிடயால் சேர்ந்தால் அம்மருந்துகளின் அளவு உடலில் உயரக்கூடும். முதன்முறை கொண்ட நாளிலிருந்து பழக்கத்திற்கு அடிமையாகும் காலம் ஆடவரினும் மகளிர்க்குச் சுருங்கியது எனச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. புகைத்தலால் நுரையீரலுக்கு வரும் கேடு எவ்வகையாலும் மருந்தாகாது.

1893-94-இல் இந்திய அரசு அமைத்த கஞ்சா ஆய்வுக்குழு 1,193 சான்றாளரைக் கேட்டு, அளவாகக் கொள்வதாற் பெருந்தீங்கில்லை என முடிவு செய்ததை எதிர்வாதமாகக் காட்டுவர். அக்குழுவின் உழைப்பு பெரிது. ஆயின் அது வாய்மொழிச் சான்றுகளைத் தொகுத்த ஆய்வு. பிறந்த மகவின் எடையையும் மாதத்தையும் அளந்து ஒப்பிட்ட ஆய்வன்று. அது கேளாத வினாவுக்கு அதன் விடையைப் பொருத்துதல் ஏலாது.

8. சட்டத்தின் நிலை

1985-ஆம் ஆண்டின் போதை மருந்துச் சட்டம் பூந்தலையையும் பிசினையும் தடை செய்தது. பூந்தலையோடு சேராத இலையையும் விதையையும் கஞ்சா என்னும் இலக்கணத்துள் அடக்கவில்லை. பழைய வழக்கில் இருந்த உறுப்பு வேறுபாடே இங்குச் சட்டமொழியாயிற்று. 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகளின் நச்சுப்பொருட் பட்டியலில், சித்த மருத்துவத்துக்குரிய பகுதியில் எட்டியோடும் சேங்கொட்டையோடும் கஞ்சாவும் இடம்பெற்றுள்ளது. அப்பட்டியற் பொருள் சேர்ந்த மருந்தின் மேல், மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளுதல் வேண்டும் என்னும் எச்சரிக்கை பொறிக்கப்படுதல் கட்டாயம். 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம் 27-க்கு 25 என்னும் வாக்கால் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியது. அதன் மருத்துவப் பயனை ஏற்றதே அதன் பொருள். கட்டுப்பாட்டுக்குரிய முதற்பட்டியலில் அஃது இன்றும் உளது. பயனையும் காவலையும் ஒருங்கே கூறும் பழைய நூல்நெறியே இங்கும் காணப்படுகின்றது.

9. முடிபு

மேற்கூறியவற்றால் அறியப்படுவன: இப்பூண்டு மருந்தாக வழங்கியமைக்கும், மகளிர் வலியைத் தணிக்கக் கருதப்பட்டமைக்கும் சான்றுண்டு. அதன் பழைமை கூறப்படும் அளவினதன்று. வழங்கினர் என்பதற்குரிய சான்று, தீங்கின்றி வழங்கினர் என்பதற்குச் சான்றாகாது. தாயையும் மகவையும் பல்லாயிரவராக ஒப்பிட்டு அளந்தாலன்றித் தோன்றாத தீங்கினைத் தனி மருத்துவர் கண்டறிந்திருத்தல் அரிது. நூல் அதனைக் கூறாமை அத்தீங்கு இன்மையைக் காட்டாது. இன்றைய அறிவு, சிற்சில நோய்களுக்குப் பயனையும், சூலுற்ற மகளிர்க்கும் பாலூட்டும் தாய்மார்க்கும் தீங்கையும் காட்டி நிற்கின்றது.

வலியால் வருந்தும் பெண்ணொருத்தி 'சித்தர் கூறினர்' என்னும் சொல்லை நம்பி மருந்து உண்ணத் துணியுமிடத்து, அச்சொல்லுக்குப் பொறுப்பாவார் யார்? சித்தர் அல்லர், அவர் நிபந்தனையோடு கூறினர். நிபந்தனையை விட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக் காட்டியவரே பொறுப்பாவர். பழந்தமிழ் மருத்துவ நூல்களைப் போற்றுதல் என்பது அவை கூறியதை முழுதும் படித்தல்; அவை கூறாததை அவற்றின்மேல் ஏற்றாதிருத்தல். ஏடு பதிப்பிக்கும் இளைஞர் பாடத்தின் கீழ் எழுதும் ஒரு வரிக் குறிப்பு, தாம் ஒருகாலும் காணாத ஒரு தாயையும் அவள் மகவையும் காக்கக்கூடும் என்பதை உளங்கொள்வாராக.